கடையை மூடிய பிறகு

கரிசக்குளத்துப் பாண்டீஸ்வரி என்றால் திருச்சுழிப் பக்கம் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் தெரியும். "பிராந்திக்கடைய மூட வச்ச பொம்பளை இதுதான்" என்று பஸ்ஸில்கூட ஆள் காட்டுவார்கள். அதே பாண்டீஸ்வரி, கடை மூடி நாலு மாசம் கழித்து, தன் புருஷனைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு பந்தல்குடிக் கடைக்குப் போனாள் என்பதும் அந்த ஊர்களுக்குத் தெரியும். முதல் சேதியை நிமிர்ந்து சொன்னவர்கள் இரண்டாவதை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயசு. பத்தாவது வரை படித்தவள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் கண்மாய்க்குள் எழுபது எண்பது பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் போனில் போட்டோ எடுத்து வருகை ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காமல் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடப்பாள். அந்த எண்பது பேரில் யார் வீட்டில் முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உதடு வீங்கி வந்தவளைக் கேள்வி கேட்காமல் பின்வரிசையில் நிற்க வைப்பாள். போட்டோவில் தெரியாது.

அவள் வீட்டில் அந்தக் கூத்து கிடையாது. புருஷன் காளீஸ்வரன் கொத்தனார். அருப்புக்கோட்டை டவுனில் வளைவுப் படி கட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். அவன் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. குடித்துவிட்டு வந்தால் வாசலில் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவான். "சாப்ட்டியா பாண்டி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போவான். ஒரு கட்டிங்கில் ஆரம்பித்தது, பதினெட்டு வருஷத்தில் தினம் ரெண்டு குவாட்டர் என்று வந்து நின்றது. மகள் துர்காதேவி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அப்பா வரும் நேரத்துக்கு அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அடிக்காத அப்பாவைப் பார்த்தும் ஒரு பிள்ளை மாடிக்குப் போகிறதே என்பதுதான் பாண்டீஸ்வரிக்கு உறுத்தியது.

கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு இறங்கும் பெண்பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் வேகமாக நடப்பார்கள். பதினொரு நாள் பெண்கள் கடைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் எல்லா நாளும் உட்கார்ந்தவள் வெள்ளைத்தாய். இருவரும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். வெள்ளைத்தாயின் புருஷன் சோலைச்சாமி லோடுமேன். நெல் மூட்டையைச் சுமந்துவிட்டு அலுப்புக்கு என்று குடிப்பான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதினொரு நாளும் பெண்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவன் காளீஸ்வரன். காலையில் தண்ணீர் கொண்டுவருவான். சாயங்காலம் கடையின் பின்பக்கம் நிற்பான். நாலாம் நாள் அவளிடம் வந்து ரகசியமாகச் சொன்னான்.

"மூடிரு பாண்டி. சத்தியமாச் சொல்றேன், கண்ணு முன்னால இல்லைன்னா நானும் விட்ருவேன்."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் நம்பினாள்.

கிராமசபையில் தீர்மானம் போட்ட அன்றைக்குக் கோட்டைச்சாமி என்ற ஆட்டு வியாபாரி எழுந்து நின்றார். "என் காசு, என் வாயி. நான் குடிக்கிறதுக்கும் குடிக்காததுக்கும் ஊரு எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அரசாங்கம் ரோடு போடட்டும், தண்ணி விடட்டும். என் தொண்டைக்குள்ள எதுக்கு எட்டிப் பாக்குது?"

"உங்க வாயி உங்களோடதுதாண்ணே," என்றாள் பாண்டீஸ்வரி. "அந்த வாயி வீட்டுக்குள்ள வந்தப்புறம் யாரோடது?"

பெண்கள் கைதட்டினார்கள். கோட்டைச்சாமியும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாசம் தாசில்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. பெண்கள் கண்மாய்க் கரையில் பொங்கல் வைத்தார்கள்.

காளீஸ்வரன் வாக்குத் தவறவில்லை. அன்றைக்கும் மறுநாளும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவன் டம்ளரைப் பிடித்தபோது டீ தளும்பிக் கையில் கொட்டியது. "என்ன, நடிப்பா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. நாலாம் நாள் வேலைக்குப் போனவன் கரண்டி கையில் நிற்கவில்லை என்று மத்தியானமே திரும்பி வந்து, வெயில் காலத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேர்வையில் நனைந்து கிடந்தான். "மனசு வச்சா எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு அவள் ரேஷன் கடைக்குப் போனாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பந்தல்குடிக்குப் போனான்.

அவன் மட்டும் போகவில்லை. ஊரில் பாதி ஆண்கள் போனார்கள். தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். அதன் ஓரத்தில் இவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் தள்ளாடி வந்தார்கள். ஆவணியில் ஒரு பொழுது சாய்ந்த வேளையில் சோலைச்சாமி ரோட்டைக் கடக்கும்போது ஒரு டேங்கர் லாரி அடித்துவிட்டுப் போனது.

எழவு வீட்டில் பாண்டீஸ்வரி வெள்ளைத்தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தலுக்கு வெளியே சோலைச்சாமியின் தம்பி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"கடை ஊருக்குள்ள இருந்தப்போ எங்கண்ணன் குடிச்சிட்டு நடந்தாவது வீடு வந்து சேர்ந்தான்."

அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் காளீஸ்வரன் சைக்கிளை எடுத்தால் அவன் திரும்பி வரும்வரை தெருமுனையில் நிற்பாள். ரோட்டில் பிரேக் போடும் சத்தம் எங்கேயோ கேட்டாலும் ரோடு வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தான் வேலைக்குப் போய்வர வைத்திருந்த எக்செல் வண்டியை வாசலில் நிறுத்தி, காளீஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"வாங்க. ஏறுங்க."

"எங்க?"

"பந்தல்குடிக்கி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி செய்கிறாள் என்று நினைத்தான்.

"குடிச்சிட்டுத் தனியா வந்து நீங்களும் ரோட்டுல கெடக்கணுமா? நானே கொண்டுபோயி விடுறேன், நானே கூட்டிட்டு வாரேன். ஏறுங்க, பொழுது போகுது."

அவன் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் அவன் கை அவள் தோளைத் தொட்டுவிட்டு உடனே விலகிக்கொண்டது.

பந்தல்குடியில் கடைக்கு எதிரே அப்துல் பாரி பஞ்சர் கடை வைத்திருந்தார். வீரசோழன்காரர். சவுதியில் பன்னிரண்டு வருஷம் லாரி டயர் மாட்டிவிட்டு வந்து ரோட்டோரம் கடை போட்டவர். ரோட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கூரை நிழலில் போட்டார்.

"இங்க வந்து உக்காரு தாயி. அங்க நிக்காத, போறவன் வாரவன் எல்லாம் பாப்பான்."

ஒரு வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை. எட்டாம் நாள்தான், டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்காரரா?" என்றார். "ஆமா பாய்." "கூட வந்து நிக்கிறியே, பெரிய விஷயம்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவள் திரும்பும் வழியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள்.

கூட்டிக்கொண்டு போவதால் குடி குறையவில்லை. ஒன்று என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் ரெண்டை முடித்துவிட்டு வந்தான். பின்சீட்டில் நேராக உட்கார முடியாமல் சரிந்தான். துண்டால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மறுநாள் அவள் பாரியின் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகக் கடைக் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். வரிசையில் நின்ற ஆண்கள் தானாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கம்பிக்கு உள்ளே ராம்குமார் என்ற விற்பனையாளர் இருந்தார். எம்.ஏ. படித்தவர். கவர்மெண்டு வேலை என்று இருபது வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவர்.

"தம்பி, இந்தா நிக்கிறாகளே, இவுகளுக்கு ஒரு குவாட்டருக்கு மேல குடுக்காதீக."

"அக்கா, இருபத்தோரு வயசு ஆச்சான்னுதான் நாங்க பாக்கலாம். காசு குடுத்துக் கேட்டா இல்லைன்னு சொல்ல எங்களுக்கு ரூல் கிடையாது."

"ரூல் இல்லைன்னு எனக்கும் தெரியும் தம்பி. உங்களத்தான் கேக்குறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராம்குமார் சிரிக்கவில்லை. கம்பி வழியாகக் காளீஸ்வரனைப் பார்த்தார்.

"அண்ணே, அக்கா சொல்றது உங்களுக்குச் சம்மதமா? நீங்க சரின்னு சொன்னா நான் செய்றேன். அவங்க சொல்லி நான் செய்ய முடியாது."

காளீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சரி, ஒண்ணு போதும்" என்றான்.

ராம்குமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லீவில் போகும் நாளில் பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் கடைக்கு வெளியே டீ குடிக்க வந்தவர் பாண்டீஸ்வரியிடம், "மூடச் சொல்றதும் சர்க்காரு, விக்கச் சொல்றதும் சர்க்காரு. நடுவுல நாங்க உக்காந்திருக்கோம்க்கா. நான் எங்க வேலை பாக்குறேன்னு எம்மக பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டேங்குது" என்றார். அவள் கையிலிருந்த வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? கண்மாய் வேலையில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "கடைய மூடிட்டு, இப்ப டோர் டெலிவரி." மதுரையிலிருந்து துர்காதேவி போன் போட்டாள்.

"அம்மா, ஊர்ல சொல்றது நெசமா? நீயே கூட்டிட்டுப் போறியாம்ல?"

"ஆமா."

"உனக்கு வெக்கமா இல்லையாம்மா?"

"இருக்கு. வெக்கமா இருக்கு. உங்கப்பா உசுரோட வீட்டுல இருக்காக. ரெண்டும் இருக்கு."

"சாப்ட்டியா?" என்று மகள் கடைசியில் கேட்டாள். அப்பாவைப் போலவே கேட்கிறாள் என்று பாண்டீஸ்வரிக்குத் தோன்றியது.

வெள்ளைத்தாயைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. வருகைப் போட்டோவில் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே எடுத்தாள். ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓட, வெள்ளைத்தாய் மட்டும் மடைக் கட்டடத்துக்குள் அவளருகில் வந்து ஒண்டினாள். சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு மழையில் மறைந்துபோயிருந்தது.

"நீ ஏன் எங்கூடப் பேச மாட்டேங்குற?" என்றாள் வெள்ளைத்தாய்.

பாண்டீஸ்வரி அழுதுவிட்டாள். "நான் கடைய மூடாம இருந்திருந்தா உங்க வீட்டுக்காரவுக..."

"அடி போடி. அவுக ரோட்டுல செத்தாக. கடை இங்க இருந்திருந்தா ஈரல் வெந்து வீட்டுல செத்திருப்பாக. ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும்." சேலைத் தலைப்பால் பாண்டீஸ்வரியின் நெற்றியிலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்தாள். பிறகு குரல் இறங்கியது. "அந்த ரெண்டு வருஷம் வேணும்னு எனக்கும் சில நாளு தோணுதுடி. தோணலைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக உன்னயா வெறுப்பேன்? நானும்ல உக்காந்தேன் பதினோரு நாளு."

மழை விடும்வரை இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தை பிறந்து மகளுக்கு டெங்கு காய்ச்சல் என்று பாண்டீஸ்வரி மதுரைக்குப் போக வேண்டி வந்தது. நாலு நாள் ஆகும். பஸ் ஏற்றிவிட்டு நின்ற காளீஸ்வரன் ஜன்னலோரம் வந்து, "பிள்ளைய நல்லாப் பாத்துக்க. என்னயப் பத்தி நெனைக்காத" என்றான்.

அந்த நாலு நாளும் குடிக்காமல் இருந்து, அவள் வந்து இறங்கும்போது சொல்ல வேண்டும் என்று அவன் மனசுக்குள் முடிவு செய்திருந்தான். முதல் நாள் தள்ளினான். ரெண்டாம் நாள் தூக்கமில்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் வேலைத்தளத்தில் சிமெண்டு குழைத்துக்கொண்டு இருந்தவனுக்கு வலிப்பு வந்து மணல் குவியலில் சாய்ந்தான். நல்லவேளை, அப்போது சாரத்தில் ஏறவில்லை. கூட இருந்தவர்கள் ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பாண்டீஸ்வரி மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். வார்டில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, அவளைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறார்?"

"பதினெட்டு இருக்கும்மா."

"இவ்வளவு வருஷம் தினமும் குடிச்சவர் திடீர்னு ஒரே நாள்ல நிறுத்துனா உடம்பு தாங்காதும்மா. கை நடுங்கும், வேர்க்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். உசுருக்கே ஆபத்து. மாத்திரை குடுத்து, பக்கத்துல இருந்து பாத்து, கொஞ்சங்கொஞ்சமா நிறுத்தணும். இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. நோய். இதுக்கு மருந்து இருக்கு."

கடை மூடின அந்த ஐந்து நாள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. டம்ளரிலிருந்து தளும்பிய டீ. வெயிலில் போர்வை. "நடிப்பா?" என்று அவள் கேட்டது. பதினொரு நாள் உட்கார்ந்தோம், கலெக்டர் ஆபீஸ் வரை போனோம், கடை போனால் ஆண்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்று யாருமே கேட்கவில்லையே என்று நினைத்தாள். யாரும் சொல்லவும் இல்லை. பெட்டிகளை ஏற்றிப்போக லாரி வந்தது. டாக்டர் வரவில்லை.

கட்டிலில் காளீஸ்வரன் கண் விழித்தபோது அவள் அவன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். சிமெண்டு தின்று வெடித்த கை.

"இப்படி நடுங்குதுன்னு அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லக் கூடாதாங்க?"

"எனக்கு என்ன தெரியும்? பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன்னு நெனச்சேன்." நாக்கு கடிபட்டிருந்ததால் பேச்சு குழறியது. "ரெண்டு நாளு இருந்துட்டேன் பாண்டி. இன்னும் ரெண்டு நாளுதான் பாக்கி. உங்கிட்டச் சொல்லணும்னு..."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் சேர்த்தார்கள். காய்ச்சல் விட்ட துர்காதேவி, கல்லூரி முடிந்து தினமும் சாயங்காலம் வந்தாள். முதல் நாள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே பேசினாள். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அப்பாவின் மாத்திரைச் சீட்டை வாங்கி ஒவ்வொன்றும் எதற்கு என்று அவருக்கே பாடம் நடத்தினாள்.

வீட்டுக்கு வந்து ஏழு மாசம் குடிக்கவில்லை. தங்கச்சி மகன் காதுகுத்தில் ஒரு நாள் சறுக்கினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தானாகச் சொன்னான். அவள் திட்டவில்லை, மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் மதுரைக்குப் போனார்கள். மாசத்துக்கு ஒருமுறை அறுபது எழுபது கிலோமீட்டர் மாத்திரைக்காகப் போய் வந்தார்கள். போன நாளெல்லாம் இருவருக்கும் சம்பளம் போனது. நம்மால் முடிகிறது, எல்லாராலும் முடியுமா என்று பஸ்ஸில் அவள் யோசித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நரிக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஐந்து பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரிலும் கடை. அக்டோபர் ரெண்டு கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். பாண்டீஸ்வரி வந்து பேச வேண்டும். "நீங்க பேசுனாப் போதும்க்கா, மூடிருவாக."

அவள் முடியாது என்றாள். அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு உதடு வீங்கியிருந்தது. உள்ளேயிருந்து காளீஸ்வரன்தான் சொன்னான்: "போயிட்டு வா. நடந்தத நடந்தபடி சொல்லு. என்னயும் சேத்துச் சொல்லு."

காந்தி பிறந்த நாளுக்குக் கடைக்கு விடுமுறை. அதனால் சபைக்கு வந்திருந்த ஆண்களில் சிலர் முந்தின நாளே வாங்கி வைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் துணைக்கு வந்தாள். பாண்டீஸ்வரி மைக்கைப் பிடித்தாள்.

"நான் கடைய மூடுனவ. அப்புறம் எம்புருஷன நானே கடைக்குக் கூட்டிட்டுப் போனவ. ரெண்டையும் கேள்விப்பட்டிருப்பீக." கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. "கடைய மூடுறதுக்கு நான் இப்பவும் கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைக நடக்குற பாதையில கடை வேணாம். ஆனா நாங்க மூடும்போது ஒண்ணு மறந்துட்டோம். குடிக்கிறவுக உடம்ப மறந்துட்டோம். எங்கூட உக்காந்த இவ புருஷன் ரோட்டுல போனாரு. எம்புருஷன் மணல்ல விழுந்தாரு. கடைய எடுக்கச் சொல்லுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி வைத்தியம் பாக்க ஒரு டாக்டரு, வாரத்துல ஒரு நாளாவது, இங்கனக்குள்ள வரணும்னு சேத்து எழுதுங்க."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார், "எனக்கு நோயே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் குடிக்கிறேன். எனக்கு எதுக்கும்மா சட்டம்?"

பாண்டீஸ்வரி முன்பென்றால் சட்டென்று ஒரு சொல் எடுத்து வீசியிருப்பாள். "உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்கய்யா," என்றாள். "எம்புருஷனுக்கு ஒண்ணுக்கு மேல குடுக்காதீகன்னு நான் சொன்னப்ப, கடைக்காரத் தம்பி அவுகளுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. அப்படிக் கேட்டது அவுகளுக்குத் தெம்பா இருந்துச்சாம். அதனால உங்களயும் கேட்டுத்தான் செய்யணும்னு நெனைக்கிறேன். ஆனா, பக்கத்து வீட்டுல அடி வாங்குறவளயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

ஊராட்சிச் செயலர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். கடை மூடத் தனித் தீர்மானம், டாக்டருக்குத் தனித் தீர்மானம், ரெண்டையும் ஒன்றாக எழுத இடமில்லை என்றார். "அப்ப ரெண்டா எழுதுங்க. டாக்டரு முதல்ல" என்றாள் வெள்ளைத்தாய்.

அந்த ஊர்க் கடையை இன்னும் மூடவில்லை. மனு எங்கேயோ மேஜையில் இருக்கிறது. ஆனால் எட்டு மாசம் நடையாய் நடந்ததில், திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் குடிநோய்க்கு டாக்டர் வருவது என்று ஆனது. முதல் வியாழன் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஆட்டு வியாபாரி கோட்டைச்சாமி. "சும்மா பிரஷர் பாக்க வந்தேன்" என்றார். பாண்டீஸ்வரி நம்பியது போலத் தலையாட்டினாள்.

போன வியாழக்கிழமை பதினேழு பேர். காளீஸ்வரன் மாத்திரை வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டியவன், பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருந்தான். அவனருகில் முன்பின் தெரியாத ஓர் ஆள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கை நடுக்கத்தில் பெயர் எழுதும் சீட்டைப் பிடிக்க முடியவில்லை. காளீஸ்வரன் அந்தச் சீட்டை மெல்ல வாங்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"பேரு சொல்லுங்கண்ணே, நான் எழுதுறேன்."

அந்த ஆள் பெயரைச் சொன்னார். வயசு சொன்னார். எத்தனை வருஷமாக என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவசரமில்ல," என்றான் காளீஸ்வரன். "எனக்குப் பதினெட்டு."

வாசலில் வண்டிச் சாவியோடு நின்ற பாண்டீஸ்வரி, அவனைக் கூப்பிடாமல், உள்ளே வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.